ஊசி போட்ட கையால் ஒரு புத்தகமும்

புதன்கிழமை தமிழ்நாட்டில் ஊசி நாள். துணை சுகாதார நிலையத்துத் திண்ணையிலும் அங்கன்வாடிக் கூடத்திலும் கைக்குழந்தைகளோடு தாய்மார் உட்கார்ந்திருப்பார்கள். எடை பார்ப்பார்கள், தொடையில் ஊசி போடுவார்கள், அட்டையில் தேதி எழுதுவார்கள். பிறகு செவிலியர் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது தடுப்பூசித் திட்டத்தின் விதி: இன்று போட்டது எந்த நோய்க்கான ஊசி, இதனால் என்ன உபாதை வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்ப்பதற்காக அரைமணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுப் போகவும் சொல்வார்கள்.

அந்த அரைமணியில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வலியில் அழும் பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒரு கைபேசி நீளும். அழுகை நிற்கும். அரைமணி கழிந்ததும் எழுந்து போவார்கள்.

மாநிலத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு முதலாண்டுத் தடுப்பூசிகள் முழுமையாகப் போய்ச் சேர்கின்றன. அரசின் வேறெந்தத் துறையும் ஒரு குழந்தையை இத்தனை சீக்கிரம், இத்தனை முறை, இவ்வளவு அருகில் சந்திப்பதில்லை. பள்ளிக்கூடம் அதைப் பார்க்க ஐந்தாண்டு ஆகும். இவ்வளவு நெருங்கிவந்து உடம்பை மட்டும் தொட்டுப் பார்த்து, மொழியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், ஒரு படப் புத்தகமும் கொடுக்காமல் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது கடமை தவறுதல் என்றே நாம் தீர்ப்புச் சொல்கிறோம். இந்தத் தவறில் தாய்க்குப் பங்கில்லை. பங்கு அரசுக்கும் மருத்துவத் துறைக்கும்தான்.

மருத்துவர் புத்தகம் கொடுப்பதா என்று புருவம் உயர்த்துவோருக்கு ஒரு பழைய கதை. 1989இல் பாஸ்டன் நகரப் பொது மருத்துவமனையில், ஏழைகளும் குடியேறிகளும் வந்துபோகும் குழந்தைகள் பிரிவில், பேரி ஸக்கர்மன், ராபர்ட் நீடில்மன் என்ற இரு மருத்துவர்கள் கல்வியாளர்களோடு சேர்ந்து 'ரீச் அவுட் அண்ட் ரீட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்குமுன் காத்திருப்பு அறையில் பிள்ளைகளுக்காகப் புத்தகங்கள் வைத்திருந்ததாகவும், அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போனதாகவும் அந்தத் திட்டத்தின் மூத்தவர்கள் சொல்வதுண்டு. வேறு மருத்துவமனையாக இருந்தால் மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். இங்கே வேறு மாதிரி யோசித்தார்கள். வீட்டில் புத்தகம் இல்லை, வாங்கப் பணமில்லை, ஆனால் ஆசை இருக்கிறது. அதனால்தான் எடுத்துப் போகிறார்கள். அப்படியானால் நாமே கொடுத்துவிடலாமே!

முறை மிக எளிது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை குழந்தை நலப் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு முறையும் வயதுக்கேற்ற ஒரு புதிய புத்தகத்தை மருத்துவர் தம் கையாலேயே குழந்தையிடம் கொடுப்பார். பெற்றோருக்கு எப்படி வாசித்துக் காட்டலாம் என்று ஓரிரு நிமிடம் சொல்வார், செய்தும் காட்டுவார். காத்திருப்பு அறையில் தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து வாசிப்பார். இன்று அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில், ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு இது நடக்கிறது. பிறந்தது முதலே வாசித்துக் காட்டப் பெற்றோரை ஊக்குவிப்பது குழந்தைநல மருத்துவத்தின் இன்றியமையாத பகுதி என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2014இல் கொள்கையாகவே அறிவித்தது. 2024இல் அதைப் புதுப்பித்து இன்னும் அழுத்திச் சொன்னது. இங்கிலாந்தில் 1992இல் பர்மிங்காமில் 300 குழந்தைகளோடு தொடங்கிய 'புக்ஸ்டார்ட்' திட்டமும் ஏழெட்டு மாதக் குழந்தைகளின் உடல்நலப் பரிசோதனையைத்தான் வாசலாகப் பிடித்தது. இத்தாலியில் 1999 முதல் மருத்துவர்களும் நூலகர்களும் கைகோத்து இதையே செய்கிறார்கள்.

இதில் நம்மவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இதை ஒரு தர்ம காரியமாக, மருத்துவத்துக்கு வெளியே உள்ள நல்லெண்ணமாகப் பார்க்கிறார்கள். பார்வையே தப்பு. விவரம் தெரிந்த மருத்துவர் கையில் அந்தப் புத்தகம் ஒரு பரிசோதனைக் கருவி.

ஆறு மாதக் குழந்தையிடம் தடித்த அட்டைப் புத்தகத்தை நீட்டுங்கள். இரண்டு கையாலும் பற்றி வாய்க்குக் கொண்டுபோகும். மருத்துவர் அதைப் பிடுங்கமாட்டார். கண் பொருளைத் தேடுகிறதா, இரு கைகளும் சமமாக நீளுகின்றனவா, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறதா என்று பார்ப்பார். ஒரு வயதுக் குழந்தை படத்தை ஆள்காட்டி விரலால் தொடும். தொட்டுவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்: 'பார்த்தாயா, நாய்!' என்று சொல்லாமல் சொல்லும் பார்வை அது. அந்தத் திரும்பிப் பார்த்தல் இல்லையென்றால், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லையென்றால், காது கேட்கிறதா, ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று விசாரிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று பொருள். ஒன்றரை வயதில் அட்டைத் தாள்களை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் புரட்டும். இரண்டு வயதில் மெல்லிய தாளை ஒவ்வொன்றாகப் புரட்டப் பழகும், தலைகீழாகக் கொடுத்தால் திருப்பிப் பிடிக்கும், 'இது என்ன?' என்றால் பெயர் சொல்லும். மூன்று வயதில் தெரிந்த கதையைத் தன் போக்கில் சொல்லும்.

வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அலறும் பிள்ளையிடம் இவற்றையெல்லாம் வேறெப்படிச் சோதிப்பது? வழக்கமாக நடப்பது இதுதான்: "ரெண்டு வார்த்தை சேத்துப் பேசுறானாம்மா?" என்று மருத்துவர் கேட்பார், "பேசுறான் சார்" என்று தாய் சொல்லுவாள், பேசாவிட்டாலும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பிறவிக் குறை, ஊட்டக் குறை, நோய் ஆகியவற்றோடு வளர்ச்சித் தாமதத்தையும் சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொல்கிறது. தாய் சேய் நல அட்டையில் எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்று படம் போட்ட பக்கங்களும் உண்டு. எத்தனை அட்டைகளில் அந்தப் பக்கங்கள் திருப்பப்படுகின்றன என்று எந்தச் செவிலியரையும் தனியே கேட்டுப் பாருங்கள். ஒரு படப் புத்தகம் அந்தப் பக்கத்தில் கேட்கப்படும் பாதிக் கேள்விகளுக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடும்.

இதனால் என்ன பலன் என்பதை மிகைப்படுத்தாமல் சொல்வது நம் கடமை. 1991இல் நீடில்மன் குழு வெளியிட்ட முதல் ஆய்வில், மருத்துவமனையில் புத்தகம் பெற்ற பெற்றோர் பிள்ளையோடு சேர்ந்து புத்தகம் பார்த்ததாகச் சொல்வது பெறாதவர்களைவிட வெகுவாகக் கூடியிருந்தது. அரசு உதவித்தொகையில் வாழ்ந்த குடும்பங்களில் அந்த வேறுபாடு இன்னும் பெரிது. 2001இல் மெண்டல்சன் குழு, இந்தத் திட்டம் நடந்த ஒரு மருத்துவமனையையும் நடக்காத ஒன்றையும் ஒப்பிட்டது. முந்தையதில் வளர்ந்த ஏழைக் குழந்தைகளின் மொழியறிவு மதிப்பெண், புரிந்துகொள்வதில் எட்டுப் புள்ளிக்கு மேலும் பேசுவதில் நான்கு புள்ளிக்கு மேலும் உயர்ந்திருந்தது. இவை பொருட்படுத்தத் தக்க எண்கள். ஆயினும் பல ஆய்வுகள் பெற்றோரின் வாய்மொழியை நம்பியவை. பள்ளி இறுதி வரை பிள்ளைகளைப் பின்தொடர்ந்தவை அரிது. குழந்தையின் மூளையை ஸ்கேன் செய்து வாசிப்பின் தடத்தைக் காட்டிய 2015ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆய்வில் இருந்தவர்கள் 19 குழந்தைகள்தாம். அதை வைத்துக்கொண்டு 'புத்தகம் படித்தால் மூளை இரட்டிப்பாகும்' என்று சுவரொட்டி அடிக்கும் விளையாட்டுப் பள்ளிகள் பெற்றோரை ஏமாற்றுகின்றன.

ஏமாற்றிலும் கொடியது பழி. 1995இல் ஹார்ட், ரிஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கான்சஸ் நகரத்தில் 42 குடும்பங்களைக் கவனித்துவிட்டு, நான்கு வயதுக்குள் ஏழை வீட்டுப் பிள்ளை வசதியான வீட்டுப் பிள்ளையைவிட மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று கணக்கிட்டார்கள். அந்த எண் உலகம் சுற்றியது. ஏழைத் தாய் பேசத் தெரியாதவள் என்ற முத்திரையும் கூடவே சுற்றியது. 2018இல் வேறு ஐந்து சமூகங்களை ஆராய்ந்த ஸ்பெரி குழு, அந்த இடைவெளி அப்படியே எல்லா இடத்திலும் இல்லை என்றது. பாட்டி, அத்தை, அண்ணன், அடுத்த வீட்டுக்காரர் பேசுவதையெல்லாம் சேர்த்தால் பல ஏழை வீடுகளில் குழந்தை கேட்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நூறு நாள் வேலைக்குப் போய் வந்து, அடுப்புப் பற்றவைத்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் "நீங்க பிள்ளைகிட்ட பேசுறதே இல்ல" என்று ஒரு மருத்துவர் உபதேசம் செய்தால் அந்த மருத்துவர்தான் கண்டிக்கத்தக்கவர். அவளுக்கு இல்லாதது அன்போ வாயோ இல்லை. கையில் ஒரு புத்தகம் இல்லை, அதை வைத்துக்கொண்டு உட்கார ஓய்வில்லை. ஓய்வைத் தருவது மருத்துவரால் ஆகாது. புத்தகத்தைத் தருவது ஆகும்.

பேச்சு போதுமே, தாலாட்டு இருக்கிறதே, பாட்டி கதை இருக்கிறதே, புத்தகம் எதற்கு என்று ஒரு கேள்வி வரும். தாலாட்டையும் பாட்டி கதையையும் தள்ளிவைக்க யாரும் சொல்லவில்லை. பாட்டி ஒரு ஊரிலும் பேரன் ஒரு ஊரிலும் இருப்பது இன்று சாதாரணம் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் தமிழுக்கே உரியது. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். வீட்டில் 'வர்றான்', 'அங்கிட்டு', 'சாப்ட்டியா' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, முதல் வகுப்பில் 'வருகிறான்' என்பதைக் கண்டதும் திகைக்கிறது. எழுத்துக் கூட்டுவது ஒரு சுமை. கூட்டிய பிறகு வரும் சொல் தன் வீட்டுச் சொல்லாக இல்லாதது இன்னொரு சுமை. இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கச் சொல்கிறோம். புத்தகத் தமிழை வாசிக்கக் கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது சுமை இல்லை. காது ஏற்கெனவே பழகியிருக்கும். அந்தப் பிள்ளை கெட்டிக்காரன் என்று பெயர் வாங்குகிறது, மற்றது மந்தம் என்று.

அரபு மொழியிலும் இதே நிலைதான். இஸ்ரேலில் வாழும் அரபுக் குழந்தைகளுக்கு மழலையர் வகுப்பில் சில மாதங்கள் நாள்தோறும் எழுத்து அரபியில் கதை வாசித்துக் காட்டினார் டினா ஃபைட்டல்சன் என்ற ஆய்வாளர். கேட்டுப் புரிந்துகொள்வதிலும் தாமே கதை சொல்வதிலும் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை முந்தினார்கள். 1993இல் வெளிவந்த இந்த ஆய்வை நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பாடமாகவே வைக்கலாம். மூன்றாம் வகுப்பு ஊரகப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் நாடு முழுவதும் 27 விழுக்காடுதான் என்கிறது 2024ஆம் ஆண்டின் 'அசர்' எனப்படும் கல்வி நிலை ஆய்வறிக்கை. தமிழ்நாட்டின் எண் அதற்கும் கீழே. அந்த அளவீட்டு முறையைப் பற்றிச் சண்டை போடலாம், போடுகிறார்கள். சண்டையில் யார் வென்றாலும் ஆறு வயதில் முதன்முதலாகப் புத்தகத்தைத் தொடும் பிள்ளையின் பாடு மாறப்போவதில்லை.

வாசிக்கத் தெரியாத தாய் என்ன செய்வாள்? படத்தைக் காட்டிப் பேசுவாள். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் இந்த வயதில் அதுதான் முறை: கேள், காத்திரு, பிள்ளை சொன்னதோடு ஒன்று சேர்த்துத் திருப்பிச் சொல். பிள்ளை "மா" என்று மாட்டைக் காட்டினால் "ஆமா, மாடு! வைக்கோல் திங்குது பாரு" என்பது. கிரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் 1988இல் ஆய்ந்து சொன்ன முறை இதுதான். அதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. எழுத்துத் தமிழைக் காதுக்குக் கொடுக்க வாசிக்கத் தெரிந்த அக்காவோ அண்ணனோ பெரும்பாலும் வீட்டிலோ பக்கத்திலோ இருப்பார்கள். இன்றைய தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை அரிது.

அடுத்தது பணம். பணம் இல்லை என்ற வாதத்தை இந்த மாநிலத்தில் நேருக்கு நேர் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியோடு வைட்டமின் ஏ திரவம் தொடங்குகிறது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயது வரை கொடுக்க வேண்டும். மொத்தம் ஒன்பது தவணை. அதாவது பாஸ்டனில் மருத்துவர் எத்தனை முறை புத்தகம் கொடுக்கிறாரோ ஏறக்குறைய அத்தனை முறை நம் சுகாதாரத் துறையும் அங்கன்வாடியும் ஒரு குழந்தையின் வாயைத் திறந்து மருந்து ஊற்றுகின்றன. ஒவ்வொரு தவணையோடும் ஒரு புத்தகம் என்று வைப்போம். பாடநூல் கழகம் லட்சக்கணக்கில் அச்சிட்டால் முப்பது ரூபாய்க்குள் ஒரு சிறு படப் புத்தகம் முடியும் என்றும் வைப்போம். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கும் மாநிலத்துக்கு, திட்டம் முழு வீச்சில் நடக்கும்போதும் ஆண்டுச் செலவு 25 கோடிக்குள் அடங்கும். 2024-25இல் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 20,198 கோடி. ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு அட்டை தடிமனாக, நச்சில்லாத மையில் வேண்டும் என்பதால் செலவு இரட்டிப்பானாலும் இதைக் காட்டி மறுக்க முடியாது.

எழுதத் தெரிந்தவர்கள் இல்லை என்றும் சொல்ல முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் 53 மெல்லிய புத்தகங்களை எழுதி, ஓவியம் தீட்டி, அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அது பள்ளியில் கால் வைத்த பிள்ளைக்கு. தவழும் பிள்ளைக்குத் தமிழில் அட்டைப் புத்தகம் தேடிப் பாருங்கள். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஆப்பிளும் ஸீப்ராவும் அச்சிட்ட எழுத்துப் பட்டியல்கள். அவை புத்தகங்களே இல்லை, விலைப்பட்டியலுக்கு அக்கா தங்கைகள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது அ, ஆ இல்லை. ஒரு கோழி தொலைந்துபோய்த் திரும்பி வருவது.

2015இல் அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்காக அன்றைய அரசு ஒரு பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது. துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று 16 பொருள்கள். கிலுகிலுப்பைகூட இருந்தது. யோசித்து யோசித்து நகவெட்டி வரை போன அந்தப் பட்டியலில் புத்தகம் இல்லை. எந்தக் கட்சியின் குறையும் இல்லை இது. வேறு கட்சி போட்டிருந்தாலும் பட்டியல் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும். கைக்குழந்தைக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை என்ற நம் எல்லோருடைய எண்ணம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அரசை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டுத் தனியார் மருத்துவமனைகளை விட்டுவிட்டால் இந்தத் தீர்ப்பு நேர்மையானதாக இராது. நகரத்துக் குழந்தைநல மருத்துவரின் காத்திருப்பு அறையைப் பாருங்கள். சுவரில் பெரிய தொலைக்காட்சி, அதில் இடைவிடாமல் கார்ட்டூன். உள்ளே போனால் அதே மருத்துவர், "ஸ்க்ரீன் டைமைக் குறைங்கம்மா" என்பார். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது என்று இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2021இல் வழிகாட்டியது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவரோடு சேர்ந்து வாசிப்பதும் கதை கேட்பதும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. இவற்றையெல்லாம் படித்த ஒருவர் ஆலோசனைக் கட்டணத்தை உயர்த்தத் தயங்காமல், ஒரு அலமாரிப் புத்தகம் வாங்கத் தயங்கினால் அதற்கு மன்னிப்பில்லை. வசதி படைத்தவர்கள் பிள்ளைகள்தாமே, அவர்களே வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த வீடுகளில் கைபேசி இன்னும் பெரியது.

ஒரு எச்சரிக்கை. புத்தகம் கொடுக்க யாராவது முன்வருவார்கள். வருபவர் யார் என்று பார்க்க வேண்டும். பால் பவுடர், குழந்தை உணவு நிறுவனங்கள் தாய்மாருக்குப் பரிசு கொடுப்பதையும், சுகாதாரப் பணியாளருக்கும் அவர்களது சங்கங்களுக்கும் நன்கொடை கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2003இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. படப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு சத்துமாவு டப்பா சிரித்துக்கொண்டு நுழைய இந்த வழியைத்தான் தேடும். மருத்துவர் கையால் வரும் பொருளுக்குத் தாய்மார் கொடுக்கும் நம்பிக்கை மிகப் பெரிது. அதை வாடகைக்கு விடக்கூடாது. அமைச்சர் படத்துக்கும் இதே விதி. குழந்தை வாயில் வைத்துக் கடிக்கும் அட்டையில் எந்தத் தலைவரின் முகமும் வேண்டாம்.

முழுக்க நன்கொடையை நம்புவதும் ஆபத்து. இங்கிலாந்தில் 2010 டிசம்பரில், சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் புக்ஸ்டார்ட்டுக்கான அரசு நிதி முழுவதையும் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். பிலிப் புல்மன் போன்ற எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தார்கள்; கிறிஸ்துமஸ் முடிவதற்குள் அரசு பின்வாங்கியது. அமெரிக்காவில் ஓக்லஹோமா போன்ற சில மாநிலங்கள் குழந்தைகளின் பொது மருத்துவக் காப்பீட்டு நிதியிலிருந்தே புத்தகத்துக்குப் பணம் கொடுக்கின்றன. அதுதான் சரியான இடம். வைட்டமின் ஏ திரவத்தை நாம் யாரிடமும் கையேந்தி வாங்குவதில்லை. புத்தகத்தையும் மருந்துக் கொள்முதல் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், அடுத்த நெருக்கடியில் முதலில் வெட்டப்படும் அலங்காரமாக அது இருக்காது.

செவிலியரின் சுமையைப் பற்றிய ஆட்சேபம் மட்டும் உண்மையானது. ஒரு கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிப் பதிவு, பிரசவத் தொடர்பார்வை, தடுப்பூசி, கணினிப் பதிவு என்று ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிறார். கர்ப்பிணிப் பதிவில் கிடைக்கும் 'பிக்மி' எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழே சிக்கலாகும் என்பதால் அந்தப் பதிவை அவர் தள்ளிப்போடவும் முடியாது. இன்னொரு வேலையை அவர் தலையில் கட்டுவது அநியாயம். ஆனால் நாம் கேட்பது ஐந்தாவதாக ஒரு வாக்கியம்: "இந்தாம்மா, இது பிள்ளைக்கு. தெனமும் மடியில வெச்சுப் படத்தக் காட்டிப் பேசு. வாயில வெச்சா விடு, கிழிச்சாலும் பரவாயில்ல, அடுத்த தடவ வேற தர்றேன்." மீதி வேலையை அந்த அரைமணிக் காத்திருப்பு பார்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வாசித்துக் காட்ட ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள், 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் பழகிய தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். பாஸ்டன் மருத்துவமனையிலும் காத்திருப்பு அறையில் வாசித்தவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை.

கிழிந்த புத்தகத்துக்குக் கணக்குக் கேட்கக் கூடாது. இருப்புப் பதிவேட்டில் பெட்டி வந்தது, தீர்ந்தது என்ற இரண்டு வரி போதும். எத்தனை தாய்மார் வாசித்தார்கள், எத்தனை நிமிடம், பிள்ளை எத்தனை சொல் கற்றது என்று மாதாந்தரப் படிவம் ஒன்றை மாவட்ட அலுவலகம் தயாரிக்கும்; அதைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும். பலனை அறிய வேண்டுமென்றால் ஒரு மருத்துவக் கல்லூரியிடம் பொறுப்பைக் கொடுத்து, சில ஒன்றியங்களில் முறையாக ஆய்வு செய்யச் சொல்லலாம். செவிலியரைக் கணக்கப்பிள்ளை ஆக்கி அதை அறிய முடியாது. ஊசி போட்டு அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் கையில் புத்தகத்தைத் திணித்து, தாயையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்து, மதியம் இரண்டு மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வருமானால், அதில் கையெழுத்திடும் அதிகாரியையும் இந்தத் தலையங்கம் முன்கூட்டியே கண்டிக்கிறது.